முடித்தவர்கள் கையைத் தூக்கவும்

ரேவதி போன வாரம் போன் செய்தாள். நான் முன்பு பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள். எங்கள் ஒன்றியத்தில் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் தனித்திறன் உள்ளவர்களைத் தேடிப் பிடித்து, சனிக்கிழமைதோறும் அவர்களுக்குத் தனி வகுப்பு நடத்துகிற திட்டம் ஒன்று உண்டு. அதற்குப் பொறுப்பாசிரியர் வேலை. பதினோரு வருடம் அந்த நாற்காலியைத் தேய்த்தது நான். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது.

"டீச்சர், நம்ம கவனிப்புப் படிவத்த டேப்லட்ல ஏத்துறாங்க. இனிமே பேப்பர், பேனா, மணி எதுவும் கெடையாது. ஆரம்பத்துல பிள்ளைங்களுக்கு ஒரு கார்டு படிச்சுக் காட்டுவோம்ல, அதுல கடைசி வரிய மட்டும் எடுத்துடலாமான்னு கேக்கறாங்க."

"எந்த வரி?" என்றேன், தெரிந்துகொண்டேதான்.

"'முடித்தவர்கள் கையைத் தூக்கவும்.' இத்தன வருஷத்துல ஒரு பிள்ளயும் கைய தூக்கினதில்லயே டீச்சர். முடிக்கவே முடியாத வேலைக்கு எதுக்கு இந்த வரின்னு கேக்கறாங்க."

எடுக்கக் கூடாது என்றேன். ஏன் என்றாள். போனில் சொல்கிற விஷயம் இல்லை என்றேன். அப்படியானால் அடுத்த மாதப் பயிற்சிக்கு வந்து புதியவர்களுக்கு அரைமணி நேரம் பேசுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். மைக், பொன்னாடை, 'நமது மூத்த முன்னோடி' என்று ஒரு அறிமுகம், இதெல்லாம் எனக்கு ஒத்துவராது. எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, பேசுவதே சுலபமாக இருந்திருக்கும்.

பயிற்சி, முதல் வேலை, பஸ் அலைச்சல் எல்லாவற்றையும் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். வாலாஜாபாத்தில் பிறந்தேன், இன்றும் அங்கேதான் வீடு. இடைநிலை ஆசிரியையாகப் பத்துப் பன்னிரண்டு ஊர் தண்ணீர் குடித்தேன். தொடக்கப் பள்ளிகளில் அட்டைகளை வைத்து நடத்தும் கற்றல் முறை வந்தபோது ஒன்றியப் பயிற்றுநராகப் போட்டார்கள். பிள்ளை தானே போய்த் தட்டிலிருந்து அட்டையை எடுக்கும், செய்யும், முடித்ததும் அதே தட்டில் அதே வரிசையில் திருப்பி வைக்கும். இந்தத் திருப்பி வைப்பதுதான் பெரும்பாடு. அட்டைகள் கலைந்து போனால் அடுத்த பிள்ளைக்குப் பாடமே இல்லை. பள்ளி பள்ளியாகப் போய், "முடிச்சா எடுத்தது எடுத்தபடியே இருக்கணும்" என்று தொண்டை கட்டக் கத்தினேன். ஆசிரியர்கள் அதையே பிள்ளைகளிடம் கத்தினார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பிள்ளைகளுக்கு அது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. என் வேலைக்காலத்தில் நூற்றுக்கு நூறு ஜெயித்த காரியம் அது ஒன்றுதான்.

அதற்குள் எங்கள் பக்கம் முழுக்கக் கம்பெனிகள் வந்துவிட்டன. வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகள். ஒன்று, நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே நிலத்தில் செக்யூரிட்டியாக நிற்கிறவர்களின் பிள்ளைகள். இன்னொன்று, திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் பக்கமிருந்து வேலைக்கு வந்து லைன் வீடுகளில் குடியிருப்பவர்களின் பிள்ளைகள். இரண்டாம் வகைக்கு வருகைப் பதிவேட்டில் பென்சிலால் பெயர் எழுதுகிற ஆசிரியர்கள்கூட உண்டு. கான்ட்ராக்ட் முடிந்தால் மூட்டையைக் கட்டிவிடுவார்கள் என்று அர்த்தம்.

ஒரு கம்பெனியின் நிதியில்தான் எங்கள் திட்டம் ஆரம்பித்தது. மையம், பிள்ளைப்பாக்கத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஊரின் அரசுப் பள்ளியில். ஊர்ப்பெயர் வேண்டாம். இருபது இடம். சனிக்கிழமை காலை முழுக்க வகுப்பு. பாடப் புத்தகத்தைத் திறக்கவே கூடாது என்பது நிபந்தனை. பிள்ளைகள் கேட்கிற கேள்விதான் பாடம். "லாரிங்க எல்லாம் நேர் ரோட்ட விட்டுட்டு வளைவுல மட்டும் ஏன் மிஸ் ரோட்ட ஒடைக்குது?" என்று ஒருத்தி கேட்டாள். ஒரு மாதம் அதே வேலை. வளைவில் நின்று சக்கரத் தடத்தை அளந்தோம், ஈர மண்ணில் பொம்மை லாரி ஓட்டினோம், கடைசியில் ஒரு டிரைவரையே பிடித்து வந்து வகுப்பில் நிற்க வைத்தோம். அவர் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டு வியர்த்துப் போனார். அப்படிப்பட்ட வகுப்பு. அந்த வகுப்பில் ஒரு இடம் என்றால் என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அங்கே எட்டாவது வரை இருந்த பிள்ளைக்கு அடுத்து உண்டு உறைவிடப் பள்ளி, அதற்கடுத்து நல்ல கல்லூரி என்று வழி தானாகத் திறந்தது. இடம் கிடைக்காத பிள்ளைக்கு எதுவும் திறக்கவில்லை. அதைத் தீர்மானிக்கிற பேனா என் கையில் இருந்தது.

மாவட்ட அளவில் எங்களுக்கு மேலதிகாரி நாகரத்தினம் மேடம். ஒல்லியான உருவம், வெளிர் நிறக் காட்டன் புடவை, தோளில் ஒரு பெரிய கான்வாஸ் பை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தக் காகிதத்தையும் நின்றுகொண்டுதான் படிப்பார். படித்து முடிக்கும்வரை எதிரில் நிற்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு ஒரு கேள்வி வரும், ஒன்றே ஒன்று. அதற்குப் பதில் சொல்லிவிட்டால் பிழைத்தோம்.

முதல் வருடம் ஒரு பையனைப் பற்றி 'மந்தம்' என்று எழுதி நீட்டினேன். படித்தார். "இது நீங்க பார்த்ததா, நெனச்சதா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவன் என்ன செஞ்சான்?"

"ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தான் மேடம்."

"அப்ப ஜன்னலப் பாத்தான்னு எழுதுங்க. மந்தமா இல்லையாங்கறத அப்புறம் பாத்துக்கலாம்." காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பையனை மறுபடி கூப்பிட்டு விசாரித்ததில், ஜன்னலுக்கு வெளியே நடந்த கட்டட வேலையில் கிரேன் ஏன் கவிழாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்கு இடம் கொடுத்தோம். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. இதைவிட நல்ல பாடத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைவிட மோசமாக எந்தப் பாடத்தையும் நான் மறந்ததும் இல்லை.

அந்தப் பேச்சிலிருந்துதான் கவனிப்புப் படிவம் பிறந்தது. நான் உருவாக்கியது. இப்போது டேப்லட்டில் ஏறுவது அதுதான். புதியவர்களுக்காக அப்போதைய முறையை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு எழுத்துத் தேர்வு. அதில் மேலே வருகிற நாற்பது ஐம்பது பிள்ளைகளைக் கவனிப்பு நாளுக்கு அழைப்போம். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர். தரையில் ஆளுக்கொரு பாய். பாய் மேல் ஒரு மரப்பெட்டி, உள்ளே கோணல்மாணலாக ஒன்பது மரத்துண்டுகள். சரியாகச் சேர்த்தால் ஒரு கனசதுரம் வரும். அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. நாற்பது நிமிட நேரம். ஆசிரியர்கள் இரண்டு பேர், ஆளுக்கு ஆறு பிள்ளைகள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சமையலறை டைமர் அடிக்கும். அடித்ததும் நிமிர்ந்து ஆறு பேரையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். முயல்கிறாள் என்றால் 'மு', உதவி கேட்கிறாள் என்றால் 'கே', விலகி இருக்கிறாள் என்றால் 'வி'. ஆக ஒரு பிள்ளைக்கு எட்டு எழுத்து. நடுவில் இருக்கிற நாலு நிமிடத்தில் அவரவர் பற்றிய குறிப்பை எழுதி முடித்துக்கொள்ளலாம்.

அந்தக் கனசதுரத்தை நாற்பது நிமிடத்தில் முடிக்க முடியாது. முடியாது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம். ஒத்திகை பார்த்தபோது பதினாறு ஆசிரியர்களில் ஒருவரும் முடிக்கவில்லை, நான் உட்பட. விடை எங்களுக்கு வேண்டியதில்லை. முடியாத வேலையோடு ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுகிறாள் என்பதுதான் வேண்டும். அதனால் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும் கார்டில், முடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எதுவும் எழுதவில்லை. இதை இப்போது எழுதும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது. அதிபுத்திசாலிப் பிள்ளைகளைத் தேடிப் போகிறவர்கள், எங்களைவிட ஒரு பிள்ளை புத்திசாலியாக இருக்கக்கூடும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

நாலாவது வருடம், என் வரிசையில் கடைசிப் பாயில் இசக்கியம்மாள் இருந்தாள். பதினோரு வயது. எண்ணெய் வழிய வாரிய இரட்டைப் பின்னல். எழுத்துத் தேர்வில் மூன்றாம் இடம். அப்பா ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட், அம்மா இன்னொரு கம்பெனியின் கேன்டீனில். விண்ணப்பத்தில் விலாசம், ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடு.

ஐந்தாம் நிமிட மணிக்கு நிமிர்ந்தேன். துண்டுகளைப் பாயில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'மு' போட்டேன். பிறகு குனிந்து மற்ற பிள்ளைகளின் குறிப்புகளை எழுத ஆரம்பித்தேன். ஒரு பையன் துண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான், அதை ரசித்து நாலு வரி எழுதினேன். பத்தாம் நிமிட மணிக்கு நிமிர்ந்தபோது இசக்கியின் பெட்டி மூடியிருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். 'வி' போட்டேன். பதினைந்தாம் நிமிடமும் அப்படியே. இருபதாம் நிமிடமும் அப்படியே. கடைசிவரை பெட்டியைத் தொடவில்லை. ஒரு 'மு', ஏழு 'வி'. கீழே குறிப்புக்கான இடத்தில், 'பத்து நிமிடத்துக்குள் கைவிட்டுவிட்டாள்' என்று எழுதினேன். நான் பார்த்தது மூடிய பெட்டி. கைவிட்டுவிட்டாள் என்பது நான் நினைத்தது. அன்று அந்த வித்தியாசம் என் புத்தியில் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பட்டியல் ஒட்டினோம். இசக்கியின் பெயர் இல்லை. மாலை அவள் அம்மா வந்தார். முதல் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார், கேன்டீனில் தலைமுடிக்குப் போடும் வலையைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் இசக்கி, அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு.

"பரிச்சையில மூணாவது வந்துருக்கான்னு சொன்னாவளே டீச்சர். பேரு இல்லையே. பிள்ளைக்கு என்ன கொறன்னு சொல்லுங்க, நாங்க திருத்திக்கிடுதோம்."

கேட்ட தோரணையில் சண்டை எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அன்று இன்னும் பத்துப் பெற்றோரைச் சமாளிக்க வேண்டியிருந்தது. "உங்க பொண்ணுக்கு அறிவு இருக்கும்மா. ஆனா எதையும் முடிக்க மாட்டா. பாதியிலயே விட்டுடுவா. அதான் அவகிட்ட இருக்கற பிரச்சனை" என்றேன். பிள்ளையை வைத்துக்கொண்டே சொன்னேன்.

"வீட்ல அப்படி இல்லையே டீச்சர்..." என்று இழுத்தார். நான் படிவத்தை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை, ஆனால் அச்சடித்த கட்டங்களும் என் கையெழுத்தும் அவரை அடக்கிவிட்டன. மகளைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா, டீச்சர் என்ன சொல்லுதாவன்னு" என்றார். இசக்கி என் மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை முதல் வகுப்பு. தேர்வானவர்களில் ஜெனிஃபர் என்று ஒருத்தி, உள்ளூர்ப் பெண், இசக்கி படித்த பள்ளியிலேயே படிப்பவள். கவனிப்பு நாளில் இசக்கிக்குப் பக்கத்துப் பாய். வந்ததும் வராததுமாக, "மிஸ், இசக்கி எப்ப வருவா?" என்று கேட்டாள்.

"அவளுக்கு இடம் கெடைக்கலம்மா."

"இன்னா மிஸ் சொல்றீங்க? அவதான மொதல்ல முடிச்சா."

"என்ன முடிச்சா?"

"அந்தக் கட்டைதான் மிஸ். டக்குனு சேத்துட்டா. நான் பாத்துக்கினே இருந்தேன். சதுரமா வந்துச்சு. அப்பறம் எல்லாத்தையும் பிரிச்சு பொட்டில வெச்சு மூடிட்டா."

"ஏன் பிரிச்சா?"

ஜெனிஃபர் என்னை விசித்திரமாகப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பது போல. "முடிச்சா எடுத்தது எடுத்தபடியே இருக்கணும்ல மிஸ். எங்க ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்துக்கீறாங்க."

ஒருவேளை பிள்ளை கதை விடுகிறாளோ என்று பெட்டியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். கவனிப்பு நாளன்று வீட்டுக்குப் போகும் வழியில் இசக்கி அவளுக்கு விளக்கியிருக்கிறாள். மணலில் கோடு போட்டுச் சொல்லித் தந்தாளாம். "இந்த வளைஞ்சத மூலையில வெச்சா மத்ததெல்லாம் தானா வுழுந்துடும்னு சொன்னா மிஸ்" என்று சொல்லிக்கொண்டே தட்டுத் தடுமாறி அடுக்கினாள். கால் மணி நேரத்தில் என் மேசை மேல் கனசதுரம் நின்றது. என் வாழ்நாளில் அதை முழுசாக நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே, நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்த நாலு நிமிடத்தில், பதினோரு வயதுப் பிள்ளை ஒருத்தி பதினாறு ஆசிரியர்களால் முடியாததை முடித்து, நான் ஊர் ஊராகப் போய்ப் பழக்கிய ஒழுங்குப்படி எடுத்தும் வைத்துவிட்டாள். மிச்ச அரைமணி நேரம் அடுத்து என்ன வேலை தருவார்கள் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை இசக்கியின் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், அதை நம்புங்கள். ஒட்டிய பட்டியலைத் திருத்துவதானால் கையெழுத்துப் போட வேண்டியது மேடம்தான். பஸ்ஸில் போகும்போதே பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன்.

மேடம் வழக்கம் போல நின்றுகொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு, அது அபூர்வம். "நல்ல வேளை வந்தீங்க. உங்க படிவத்த மாநில அளவுல காட்டப் போறேன். மத்த மாவட்டத்துக்கும் போகலாம். உங்க பேரப் போட்டுத்தான் எழுதியிருக்கேன்" என்றார். பிறகு அவருடைய அந்த ஒற்றைக் கேள்வி வந்தது. "இதுல ஏதாவது ஓட்டை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இருக்கா?"

கேட்டார். அவரே கேட்டார். இதைவிட வாசலைத் திறந்து வைக்க ஒரு மேலதிகாரியால் முடியாது.

"இல்ல மேடம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பதினோரு வருடமாக யோசிக்கிறேன். மேடத்துக்குப் பயந்தேன் என்று கொஞ்ச காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அவர் திட்டியிருக்க மாட்டார், பட்டியலைத் திருத்தி அனுப்பியிருப்பார். என் பெயர் போட்டு ஒரு படிவம் மாநிலத்துக்குப் போகிறது, அதில் முதல் ஆளாக நானே கறுப்பு மையைத் தெளிக்க வேண்டுமா என்கிற புகழாசைதான். ஒரு பிள்ளைதானே, அடுத்த வருடம் ஏழாம் வகுப்புக் காலியிடத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி வரும் பஸ்ஸில் சமாதானம் பண்ணிக்கொண்டேன். படிவம் பையிலேயே இருந்தது.

ஆனால் ஒன்று செய்தேன். அடுத்த முறை அச்சுக்குப் போகும்போது கார்டின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தேன். 'முடித்தவர்கள் கையைத் தூக்கவும்.' எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பயிற்சிக் கூட்டத்தில் ஒருவர், இந்த வரி பிள்ளைகளின் தன்னம்பிக்கையைக் கூட்டுகிறது என்று பாராட்டிக்கூடப் பேசினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். ஓட்டையை அடைத்துவிட்டேன், அதில் விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடவில்லை.

அடுத்த வருடம், இடம் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில் இருந்த பிள்ளைகளுக்கு மறுபடி விண்ணப்பம் போனது. இசக்கியிடமிருந்து வரவில்லை. விண்ணப்பிக்காதவர்கள் பெயருக்கு எதிரே காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. 'குடும்பம் இடம்பெயர்ந்தது' என்று எழுதினேன். தெற்கேயிருந்து வந்த குடும்பம், கான்ட்ராக்ட் வேலை, வேறு என்ன காரணம் இருக்கப் போகிறது. ஜெனிஃபர் வாராவாரம் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்கவில்லை. எழுதின பிறகு மனம் லேசானது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரிலேயே இல்லாத பிள்ளைக்கு இனி நான் என்ன செய்ய முடியும்?

அதன்பிறகு ஏழு வருடம் வேலை பார்த்தேன். நல்ல பிள்ளைகள் எவ்வளவோ பேர் வந்தார்கள், போனார்கள். ஜெனிஃபர் இப்போது இன்ஜினியரிங் முடிக்கப் போகிறாள். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மெசேஜ் அனுப்புவாள். ஒவ்வொரு மெசேஜையும் பார்க்கும்போது பக்கத்துப் பாய் ஞாபகம் வரும். அவளுக்குப் பதில் அனுப்பக் கை வராது.

போன தை மாதம் தாம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் காலை ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலில் வந்து இறங்கினேன். ஷேர் ஆட்டோவுக்காக ரோட்டோரம் நின்றிருந்தேன். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அட்டை, முதுகில் பை என்று பெண்கள் கூட்டம் கூட்டமாக பஸ்ஸுக்கு நின்றார்கள். அதில் ஒருத்தி என்னையே பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"நீங்க சனிக்கிழமை கிளாஸ் டீச்சர்தான?"

"ஆமாம்மா. நீ எந்த வருஷம்?"

"நான் கிளாஸுக்கு வரல டீச்சர். செலக்‌ஷனுக்கு மட்டும்தான் வந்தேன். இசக்கியம்மாள்."

இரட்டைப் பின்னல் இல்லை, முகம் நீண்டிருந்தது. எப்படி இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று ஏதோ கேட்டேன். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை, போர்டு டெஸ்டிங் என்றாள். பாலிடெக்னிக் சேர்ந்து இரண்டாம் வருடம் விட்டுவிட்டாளாம். அதற்குப் பிறகு நர்சிங் உதவியாளர் படிப்பு, அதையும் விட்டாளாம்.

"ஏம்மா?"

"என் கதைதான் உங்களுக்குத் தெரியுமே டீச்சர்" என்று சிரித்தாள். வருத்தமே இல்லாத சிரிப்பு. "எனக்கு எதையும் முடிக்கிற கொணம் கெடையாது. நீங்கதான் அப்பவே கரெக்டா சொன்னீங்க. கொஞ்சம் கஷ்டமா ஏதாவது வந்துட்டா, எப்படியும் பாதியில விடத்தான போறோம்னு தோணிரும். அம்மாவும் அதத்தான் சொல்லும். இப்பகூட லைன் லீடர் டெஸ்ட் எழுதுன்னு சூப்பர்வைசர் சொல்லிக்கிட்டே இருக்காரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

அந்த இடத்திலேயே சொன்னேன். அங்கேயும் சொல்லாமல் விட்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. "இசக்கி, நீ முடிச்சிட்டேம்மா. அன்னைக்கு அந்தக் கட்டைய பத்து நிமிஷத்துக்குள்ள முடிச்சிட்ட. முடிச்சு எடுத்தும் வெச்சிட்ட. நான்தான் பாக்கல. எழுதிக்கிட்டு இருந்தேன். பாக்காமலே விட்டுட்டான்னு எழுதிட்டேன். தப்பு என்னோடது."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு ஷேர் ஆட்டோ வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

"நான் முடிச்சேன்னு எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள் மெதுவாக. "ஆனா நீங்க எழுதி வெச்சிருந்தீங்கல்லா. அப்ப முடிக்கிறதுன்னா அது இல்ல போல, வேற ஏதோ இருக்கு, எனக்குத்தான் வெளங்கலன்னு நெனச்சுக்கிட்டேன்." பிறகு, "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"பட்டியல் ஒட்டின நாலாம் நாள்."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கணக்குப் போடுகிற மாதிரி ரோட்டைப் பார்த்தாள். "நான் எட்டாவது முடிக்கிற வரைக்கும் அதே வீட்லதான் இருந்தோம் டீச்சர். ரேஷன் கடைக்குப் பின்னால."

மையத்திலிருந்து அந்த ரேஷன் கடை பத்து நிமிட நடை. மாதம் ஒருமுறையாவது அந்த வழியாகப் போயிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் அசைத்தாள். அது சரி என்பதா, போதும் என்பதா, எனக்குத் தெரியவில்லை.

அவளுடைய கம்பெனி பஸ் வந்தது. மற்ற பெண்கள் ஏறினார்கள். அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு இறங்கித் திரும்பி வந்தாள். என் போனை வாங்கி ஒரு நம்பரைப் போட்டுக் கொடுத்தாள்.

"அம்மாகிட்ட நீங்களே ஒருக்கா சொல்லிருங்க டீச்சர். நான் சொன்னா நம்பாது."

அன்று மாலையே கூப்பிட்டேன். நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தார். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"ஆரு பேசுதது?"

"டீச்சர் பேசுறேன்மா."

"எந்த டீச்சரு?"

என் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. திட்டத்தின் பெயரைச் சொன்னாலும் புரியாது. அவருக்கு என்னைத் தெரிந்திருக்கக்கூடிய ஒரே வழியைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்க பொண்ணு எதையும் முடிக்க மாட்டான்னு சொன்னேனே, அந்த டீச்சர்தாம்மா" என்றேன்.